உங்களுக்குத் தெரியுமா? மலையேறிய நீராவி

ஹட்டனில் கோச்சி ஏறி நானுஓயாவில் இறங்குகிற பலரும் வழிநெடுக அருவியையும் கொழுந்து மலையையும் பார்த்து ரசிப்பதுண்டு. அந்தத் தண்டவாளத்துக்கும், மலைச்சரிவில் தகரக் கூரையோடு நிற்கும் ஸ்டோருக்கும் (தேயிலைத் தொழிற்சாலைக்கும்) பின்னால் நீராவியின் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சில தகவல்கள்:

● இங்கிலாந்தின் கால்வாய்களில் ஏறக்குறைய ஏழடி அகலமே உள்ள ஒடுக்கமான சரக்குப் படகுகள் ஓடின. முதலில் குதிரைகள் கரையில் நடந்து அவற்றை இழுத்தன. பிறகு சில படகுகளுக்கு நீராவி எஞ்சின் பூட்டினார்கள். 1909இல் கட்டப்பட்ட ‘பிரெசிடென்ட்’ என்ற 71 அடி நீளப் படகு அவற்றில் ஒன்று. 1925இல் அதன் நீராவி எஞ்சினைக் கழற்றி எண்ணெய் எஞ்சின் வைத்தார்கள். 1970களில் ஆர்வலர்கள் அதை மீட்டு, மறுபடியும் நீராவியிலேயே ஓடவிட்டார்கள். நம் மலைகளில் கால்வாய் வெட்ட இடமில்லை. இங்கே நீராவி ஏறியது தண்டவாளத்தில்.

● மலையகத்துக்கு ரயில் வந்ததே கோப்பிக்காகத்தான். ரயிலுக்கு முன் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் நாட்கணக்கில் பயணித்துக் கொழும்புத் துறைமுகத்தைச் சேர்ந்தன. 1867இல் கொழும்பு–கண்டி ரயில் பாதை திறக்கப்பட்டது. அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டே ஆண்டுகளில் கோப்பி இலைகளில் துரு நோய் கண்டது. அந்த நோயில் கோப்பி அழிய, கோப்பிக்குப் போட்ட பாதை தேயிலைக்குப் பயன்பட்டது.

● தண்டவாளம் ஒரே மூச்சில் மேலே போகவில்லை. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. கண்டியிலிருந்து பதுளை வரை போய்ச்சேர 57 ஆண்டுகள்! பாறை உடைத்து, மண் சுமந்து, சுரங்கம் குடைந்தவர்களில் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள்.

● மலையகப் பாதையின் செங்குத்தான பகுதிகளில் 44 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு இது மிகக் கடினமான சரிவு. அதனால்தான் கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயிலுக்குத் துணையாக இன்னோர் எஞ்சினையும் சேர்த்தார்கள். நாவலப்பிட்டியிலும் நானுஓயாவிலும் எஞ்சின் கொட்டகைகள் அமைந்ததும் இந்த ஏற்றத்தைச் சமாளிக்கத்தான். பாதையின் உச்சி பட்டிப்பொலைக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல் இருக்கிறது.

● சரிவு ஒரு சிக்கல் என்றால் கொண்டைவளைவு இன்னொன்று. பலம் வேண்டுமென்றால் எஞ்சின் நீளமாக இருக்க வேண்டும். நீளமான எஞ்சினோ வளைவில் திரும்பாது. இதற்கு விடையாக 1927இல் வந்தது ‘காரட்’ எஞ்சின். மான்செஸ்டரின் பேயர் பீக்கொக் நிறுவனத்தின் தயாரிப்பு. கொதிகலன் நடுவில் தொங்கும். அதன் முன்னும் பின்னும் தனித்தனியாகத் திரும்பக்கூடிய இரண்டு சக்கரத் தொகுதிகள் இருக்கும். இரண்டு எஞ்சினின் இழுவை, ஒரே கொதிகலன், வளைந்து கொடுக்கும் உடல்!

● ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்தின் நீளம் 562 மீற்றர். மலையகப் பாதையில் இதுவே நீளமானது. நடுவே வளைவு இருப்பதால் ஒரு வாயிலில் நின்றால் மறு வாயில் தெரியாது. நீராவிக் காலத்தில் எஞ்சின் கக்கிய புகை முழுவதும் இந்தக் குகைக்குள்ளேயே சுழலும். திறந்த எஞ்சின் தட்டில் நின்று கரி அள்ளிப் போட்ட பயர்மேனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

● நுவரெலியா நகருக்குள்ளும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. நானுஓயாவில் தொடங்கி நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை போன அந்தப் பாதையின் அகலம் இரண்டரை அடிதான். 1903–04இல் திறந்தார்கள். உடபுசல்லாவைப் பக்கத் தோட்டங்களின் தேயிலையை இறக்குவதே அதன் முதன்மையான வேலை. பட்டிப்பொலையைவிட உயரமான இடத்தில் இருந்தது அதன் கந்தப்பளை நிலையம். லொறிகளோடு போட்டியிட முடியாமல் 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது, தண்டவாளமும் அகற்றப்பட்டது.

● முதல் தேயிலைக்கு எந்த எந்திரமும் கிடையாது. டெய்லர் தமது பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டவைத்தார். களிமண் அடுப்பில் கரி நெருப்பில் காயவைத்தார். 1872இல் அவருடைய தொழிற்சாலை முழு வடிவம் பெற்றது. 1873இல் லண்டனுக்குப் போன பொதி வெறும் 23 றாத்தல்!

● ஸ்டோருக்குள் இருந்த பழைய எந்திரங்களின் ஊர்களைப் பாருங்கள். கொழுந்தை உருட்டும் ஜாக்சன் ரோலர்களைச் செய்தது இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்த மார்ஷல் நிறுவனம்; நீராவி எஞ்சின் செய்வதிலும் பேர்பெற்றது அதுதான். தேயிலையைக் காயவைக்கும் ‘சிரோக்கோ’ அடுப்பு, சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ட் நகரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்தது. டேவிட்சன் அசாம் பக்கத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். கரிப்புகை தேயிலையில் படாமல் வெறும் சூடான காற்று மட்டும் படவேண்டும் என்பதே அவர் கண்ட வழி.

● அந்தக் கால ஸ்டோரில் எந்திரத்துக்கு ஒரு மோட்டர் என்ற ஏற்பாடே இல்லை. கூரைக்கடியில் கட்டடத்தின் நீளத்துக்கு ஓர் இரும்புத் தண்டு சுழலும். அதில் வரிசையாகக் கப்பிகள். ஒவ்வொரு கப்பியிலிருந்தும் ஒரு தோல் பெல்ட் இறங்கி, கீழேயுள்ள ரோலரையோ சல்லடையையோ சுழற்றும். ஓடைத் தண்ணீர் கிடைத்த தோட்டங்களில் நீர்ச்சக்கரமோ டர்பைனோ அந்தத் தண்டைச் சுழற்றியது. மற்ற இடங்களில் நீராவி எஞ்சின். பின்னாளில் எண்ணெய் எஞ்சின். ஓடும் பெல்டைக் கப்பிக்குக் கப்பி மாற்றுவது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை. ஒரு கணம் தவறினால் கையே போய்விடும்.

● மலையகத்தின் தண்ணீரே நீராவியை வென்றது. பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1912இல் நுவரெலியாவுக்கு அருகே பிளாக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றை அமைத்தார். மலை அருவிகளால் நாட்டுக்கே மின்சாரம் தரமுடியும் என்று 1918இல் ஆய்வுக் கட்டுரை வாசித்தார். லக்சபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். அந்த வெற்றியைக் கண்ணால் கண்டபின் 1953இல் அவர் காலமானார்.

● ரயில் பாதைக்கு 1950களில் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றில் சிலவற்றுக்கு அல்பர்டா, ஒன்டாரியோ என்று கனடா மாகாணங்களின் பெயர்கள். 1960களின் இறுதியில் நீராவி எஞ்சின்கள் அன்றாட ஓட்டத்திலிருந்து விலகின. பிறகு உல்லாசப் பயணிகளுக்காகச் சில எஞ்சின்களைப் பழுதுபார்த்து ‘வைஸ்ரோய்’ சிறப்பு ரயிலில் ஓடவிட்டார்கள்.

● இந்த வரலாற்றின் எச்சங்களை இன்றும் நேரில் பார்க்கலாம். இலங்கை ரயிலின் 150ஆவது ஆண்டையொட்டி 2014 டிசம்பரில் கடுகண்ணாவையில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தின் பழைய ஸ்டோர் 1996இல் ஹோட்டலாக மாறியது. அதன் வளவில் ஒடுக்கமான பாதையில் ஓடும் வகைப் பழைய ரயில் பெட்டியொன்று உணவகமாக நிற்கிறது.

இனி, தோட்டத்தில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இங்கிலாந்தில் ஒரு சரக்குப் படகை மீட்டவர்கள் சாதாரண ஆர்வலர்கள்தாம். அது நமக்கும் முடியாத காரியமல்ல. உங்கள் பக்கத்து ஸ்டோரில் பழைய ரோலரோ எஞ்சினோ துருப்பிடித்துக் கிடந்தால், அது பழைய இரும்புக் கடைக்குப் போகுமுன் அதன் மேலுள்ள தகட்டைப் படம் எடுங்கள். ஊரும் ஆண்டும் அதில் பொறித்திருக்கும். போயிலருக்கு விறகு தள்ளியவர், ரோலர் ஓட்டியவர், ரயில் பாதையில் கேங் வேலை செய்தவர் என்று லயத்தில் பெரியவர்கள் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கெயின்ஸ்பரோவின் பெயர் தகட்டில் இருக்கிறது. அந்த எந்திரத்தை ஓட்டிய நம்மவர் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை. அதை எழுதிவைக்க வேண்டியது நாம்தான்.