விமானத்தைத் திருப்புவது எப்படி? ரைட் சகோதரர்களும் ப்ளைட் சிமுலேட்டரும்

ப்ளைட் சிமுலேட்டரை முதன்முதலில் இயக்குபவர்களில் பெரும்பாலோர் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். இன்ஜினை முழு வேகத்தில் வைத்து, விமானத்தின் மூக்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேலே தூக்குகிறார்கள். சில விநாடிகளில் விமானம் தலைகுப்புற விழுகிறது. "இன்ஜின் பவர் போதவில்லை" என்கிறார்கள். என் அலுவலகத்தில் மதிய இடைவேளைகளில் இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விழுந்ததற்குக் காரணம் பவர் அல்ல. ஆனால் இதே எண்ணத்தோடு நிஜ விமானம் செய்தவர்களும் உண்டு. அந்தக் கதையையும், அதன் வழியாக விமானம் பறக்கும் விதத்தையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மனிதன் முதலில் வானில் ஏறியது பலூனில். மோன்கோல்பியே சகோதரர்கள் செய்த வெப்பக்காற்று பலூன் 1783 நவம்பர் 21 அன்று பாரிஸ் நகரின் மேல் இருவரைச் சுமந்து சென்றது. பலூன் காற்றை விட லேசானது என்பதால் மிதக்கிறது. காற்று போகும் பக்கம் போகும். காற்றை விடக் கனமான ஒன்று பறக்க வேண்டுமென்றால் கணக்கே வேறு.

பறவையைப் பார்த்து இறக்கை கட்டியவர்களில் பெரும்பாலோர் அதை அடித்துப் பறக்கவே முயன்றார்கள். அதாவது, மேலே தூக்குவது, முன்னே தள்ளுவது என்ற இரண்டு வேலைகளையும் ஒரே இறக்கையிடம் கொடுத்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் கெய்லி இந்த இரண்டையும் பிரித்தார். இறக்கை அசையாமல் தூக்கட்டும், முன்னே தள்ளுவதை வேறொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்றார். 1799ல் ஒரு சிறிய வெள்ளித் தட்டில் இந்த விசைகளை அவர் பொறித்து வைத்தார். ஒரே பங்ஷனில் குழப்பி எழுதியிருந்த இரண்டு வேலைகளைத் தனித்தனி பங்ஷன்களாகப் பிரிப்பது போன்ற வேலை இது. இன்றைய விமானங்களும் இந்த முறையில்தான் பறக்கின்றன. மேலே தூக்குவது லிப்ட், கீழே இழுப்பது எடை, முன்னே தள்ளுவது த்ரஸ்ட், பின்னே இழுப்பது டிராக்.

லிப்ட் எப்படிக் கிடைக்கிறது?

பல புத்தகங்களில் இப்படி ஒரு விளக்கம் இருக்கும்: இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருப்பதால் அங்கே போகும் காற்றுக்கு நீண்ட தூரம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர அது வேகமாக ஓடுகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது சரி. ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது தவறு. மேல்பக்கக் காற்று உண்மையில் முன்னதாகவே போய்விடுகிறது. இந்த விளக்கம் சரியென்றால், வளைவே இல்லாத காகித விமானம் பறக்கக் கூடாது.

எளிமையாகச் சொன்னால், இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். வேகம் இரண்டு மடங்கானால் லிப்ட் நான்கு மடங்காகும். எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணத்தைக் கூட்டினாலும் லிப்ட் கூடும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரண இறக்கைகளில் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்பக்கத்தை ஒட்டி ஓடாமல் பிய்ந்துபோகிறது, லிப்ட் சரிகிறது. இதற்குப் பெயர் ஸ்டால். இன்ஜின் நின்றுபோவது என்று நினைத்துவிடாதீர்கள். சிமுலேட்டரில் மூக்கைத் தூக்கியவர்கள் விழுவது இதனால்தான்.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியென்தால் 1891 முதல் 1896 வரை இன்ஜின் இல்லாத கிளைடர்களில் சுமார் 2000 முறை பறந்தார். இறக்கைகளை அளந்து அட்டவணைகளும் வெளியிட்டார். கிளைடரைக் கட்டுப்படுத்த அவரிடம் இருந்த ஒரே வழி, தொங்கிக்கொண்டே கால்களையும் உடம்பையும் ஆட்டுவது. 1896 ஆகஸ்ட் 9 அன்று கிளைடர் ஸ்டால் ஆனபோது அந்த ஆட்டம் போதவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தவர் மறுநாள் இறந்தார்.

அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவராக இருந்த சாமுவேல் லாங்லி பவரை நம்பினார். ஆளில்லாத அவரது மாடல் விமானம் 1896ல் சுமார் ஒரு கிலோமீட்டர் பறந்தது. ஆள் ஏறும் விமானத்துக்காக அமெரிக்க ராணுவத் துறை 50,000 டாலர் கொடுத்தது. 52 குதிரைத்திறன் கொண்ட அதன் இன்ஜின் அந்தக் காலத்துக்குப் பெரிய சாதனை. ஆனால் பைலட் சார்லஸ் மேன்லிக்கு அதற்கு முன் பறந்த அனுபவமே கிடையாது. படகின் கூரையிலிருந்து கவண் போன்ற அமைப்பால் விமானத்தை வீசினார்கள். 1903 அக்டோபர் 7, டிசம்பர் 8 என இரண்டு முறையும் அது பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இரண்டு முறையும் மேன்லி உயிர் தப்பினார்.

சைக்கிள் கடையில் ஒரு பெட்டி

ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் பிரச்சினையை வேறு விதமாகப் பார்த்தார்கள். சைக்கிள் தானாக நிற்காது. ஓட்டுபவர்தான் ஒவ்வொரு நொடியும் சமாளிக்கிறார். விமானமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 1899ல் வில்பர் சைக்கிள் டியூப் வந்த காலி அட்டைப்பெட்டியைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் இப்படி முறுக்கினால் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழும் என்று கண்டார்.

வட கரோலினாவின் கிட்டி ஹாக் மணல்வெளியில் 1900லும் 1901லும் கிளைடர்களைச் சோதித்தார்கள். 1901 கிளைடரில் கிடைத்த லிப்ட், கணக்குப் போட்டதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி வருகிறது. புரோகிராம் தவறான விடை தந்தால் நாம் என்ன செய்வோம்? முதலில் லாஜிக்கைப் பார்ப்போம், பிறகு உள்ளே போகும் டேட்டாவைச் சந்தேகிப்போம். லிப்ட் கணக்கில் ஸ்மீட்டன் எண் என்று ஒரு மாறிலி இருந்தது. அந்தக் கால அளவுகளில் அதன் மதிப்பு 0.005. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரும் அதையே பயன்படுத்தி வந்தார்கள். உண்மையான மதிப்பு 0.0033 அளவில் இருக்க வேண்டும் என்று சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள்.

லிலியென்தால் அட்டவணையும் அவருடைய இறக்கை வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று புரிந்தது. எனவே 1901 கடைசியில் ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு முனையில் விசிறி வைத்து, சுமார் 200 சிறிய இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். உள்ளே இருந்த தராசு, ரம்பத் தகடும் சைக்கிள் ஸ்போக்ஸும் கொண்டு செய்தது. அதன் அமைப்பில் ஒரு தந்திரம் உண்டு. இறக்கையின் லிப்டைத் தனியாக அளக்காமல், அதே காற்றில் நிற்கும் தட்டைத் தகடுகளின் மீதுள்ள விசையோடு ஒப்பிட்டார்கள். இதனால் காற்றின் வேகத்தைத் துல்லியமாக அளக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது!

குறுகலான நீண்ட இறக்கையே சிறந்தது என்று அட்டவணை காட்டியது. 1901 கிளைடரின் இறக்கை 22 அடி நீளம், 7 அடி அகலம். 1902ல் அது 32 அடி நீளம், 5 அடி அகலம் ஆனது. மொத்தப் பரப்பளவு ஏறக்குறைய அதேதான். லிப்ட் பிரச்சினை தீர்ந்தது.

திருப்பும் பிரச்சினை தீரவில்லை. இடது பக்கம் திரும்ப வலது இறக்கையை உயர்த்துகிறோம் என்று வையுங்கள். வலது இறக்கைக்கு லிப்ட் கூடும்போது டிராக்கும் கூடுகிறது. அது பின்னுக்கு இழுபட, மூக்கு வலது பக்கம் போகிறது! இதைத் தடுக்கப் பின்னால் அசையாத செங்குத்து வால் வைத்தார்கள். சில சமயம் கிளைடர் தாழ்ந்த பக்கமாகச் சறுக்கிச் சுழன்று மணலில் குத்தியது. வாலை அசையும்படி வைக்கலாம் என்றார் ஆர்வில். அதை இறக்கை முறுக்கும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றார் வில்பர். அன்றுதான் விமானத்துக்கு மூன்று அச்சுகளிலும் கட்டுப்பாடு கிடைத்தது: மூக்கை ஏற்றி இறக்கும் பிட்ச், பக்கவாட்டில் சாய்க்கும் ரோல், மூக்கை இடவலமாகத் திருப்பும் யா. அந்த இலையுதிர் காலத்தில் மட்டும் 700 முறைக்கு மேல் பறந்து பழகினார்கள்.

1903 மார்ச்சில் அவர்கள் விண்ணப்பித்து 1906ல் கிடைத்த காப்புரிமையில் இன்ஜினே கிடையாது. கட்டுப்படுத்தும் முறை மட்டும்தான். விண்ணப்பித்தபோது அவர்கள் இன்ஜின் வைத்துப் பறந்திருக்கவும் இல்லை.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். சார்லஸ் டெய்லர் செய்து கொடுத்த சுமார் 12 குதிரைத்திறன் இன்ஜினுடன், லாங்லியின் விமானம் இரண்டாம் முறை விழுந்த ஒன்பதாவது நாள், 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 விநாடிகளில் 852 அடி பறந்தார். பிறகு பலத்த காற்று விமானத்தைப் புரட்டிப்போட்டது. அந்த விமானம் மறுபடி பறக்கவில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

ப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதிலுள்ள செஸ்னா 172 விமானத்தின் பறக்கும் குணங்கள் ஓர் எக்ஸ்எம்எல் பைலில் இருக்கின்றன. அதை நோட்பேடில் திறந்தால், கோணத்துக்கு எதிரே லிப்ட் எண்கள் அட்டவணையாக இருப்பதைக் காணலாம். கோணம் டிகிரியில் இல்லாமல் ரேடியனில் இருக்கும். கோணம் ஏற ஏற எண்களும் ஏறி, ஓரிடத்துக்குப் பின் இறங்குகின்றன அல்லவா? அதுதான் ஸ்டால். மரப்பெட்டிக்குள் சகோதரர்கள் தயாரித்ததும் இதே வகை அட்டவணைதான்.

போதிய உயரம் போனதும் பேஜ் டவுன் கீயால் இன்ஜினைக் குறைத்து, மூக்கை மட்டும் தூக்கியே வைத்திருங்கள். விமானம் ஸ்டால் ஆனதும் மேல் அம்புக்குறி கீயை அழுத்தி மூக்கைத் தாழ்த்துங்கள். வேகம் வந்ததும் லிப்ட் திரும்பிவிடும். அடுத்து, ஆட்டோ கோஆர்டினேஷன் வசதி இயங்கினால் அதை நிறுத்திவிட்டு, வலது அம்புக்குறி கீயால் மட்டும் சாய்த்துத் திருப்புங்கள். மூக்கு முதலில் தயங்குவதையும், டர்ன் கோஆர்டினேட்டர் கருவியில் உள்ள பந்து நடுவிலிருந்து விலகுவதையும் கவனியுங்கள். பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்க ரடரைக் கொடுக்க வேண்டும். எண் விசைப்பலகையில் 0 இடது ரடர், என்டர் வலது ரடர். பந்து நடுவுக்கு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுங்கள்.