தினம் ஒரு பக்கம்... மனசுக்குத் தெம்பு!

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், பாதி எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறதா? 'என்னிக்காவது முடிச்சுடணும்' என்று நினைத்து நினைத்தே வருஷங்கள் ஓடிவிட்டனவா? அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சின்னதாக ஓர் உறுத்தல் வருகிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

என் பீரோவிலும் அப்படி ஒன்று இருந்தது. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் என் பாட்டி வாழ்ந்த வாழ்க்கை, மழை பொய்த்த வருஷங்களில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனது... இதையெல்லாம் நாவலாக எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆரம்பித்த வேகத்தில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணி வரை எழுதுவேன்.

இரண்டே மாதம்தான். முதுகு வலி வந்தது. காலையில் எழுந்தால் தலை பாரம். குழந்தைகள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தேன். நூறு பக்கம் தாண்டியதும் கதையும் நகர மறுத்தது. 'உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?' என்று உள்ளுக்குள் ஒரு குரல். நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டேன்.

அதோடு நிம்மதி வந்துவிட்டதா என்றால், இல்லை! நாலு வருஷம் அந்த நோட்டு என்னைக் குத்திக்கொண்டே இருந்தது. அந்த நாலு வருஷத்துக்குள் பாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கேட்டு எழுத வேண்டிய எத்தனையோ விஷயங்கள் அவரோடு போய்விட்டன.

நான் செய்த தப்பு என்ன? நாவலை 'முடிப்பதில்' மட்டும்தான் சந்தோஷம் இருக்கிறது என்று நினைத்தது. நாவல் முடிய வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை சந்தோஷத்தைத் தள்ளிப்போட்டால் எந்த மனசு தாங்கும்?

நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம்

எழுத்தாளர் ஜெயமோகனைப் பலருக்கும் தெரிந்திருக்கும். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம். ஆனால் 1990களில் அவர் நம்ம தருமபுரியில், தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாணம், குழந்தை, மாதச் சம்பளம், ஆபீஸ் என்று நம் எல்லோரையும் போல ஒரு குடும்பஸ்தர். அந்த வாழ்க்கைக்கு நடுவில் உருவானதுதான் 'விஷ்ணுபுரம்'. மூன்று பாகங்கள் கொண்ட அந்தப் பெரிய நாவல் 1997-ல் வெளிவந்தது.

பிற்பாடு அவர் செய்தது இன்னும் ஆச்சரியம். மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் நாவல் வரிசையாக எழுதப்போவதாக அறிவித்தார். 2014 ஜனவரி 1-ம் தேதி ஆரம்பித்து, தினம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 ஜூலையில் முடித்தார். மொத்தம் 26 நாவல்கள், இருபதாயிரம் பக்கங்களுக்கு மேல்!

நம்மால் அவ்வளவு முடியாதுதான். முடியவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஆறரை வருஷம் கழித்து வரப்போகும் கடைசி வரியை மட்டும் நினைத்துக்கொண்டு யாராலும் அத்தனை நாள் உட்கார முடியாது. அன்றன்றைக்கு உட்கார்வதிலேயே ஏதோ ஒரு ருசி இருந்தால்தான் முடியும்.

இன்னும் சிலரைப் பாருங்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்தது. சு.வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' பத்து வருஷ உழைப்பு. 2008-ல் வெளியாகி, 2011-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றது. ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. ஆனாலும் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே நீலகிரி மலையின் படுகர் மக்களைப் பற்றி 'குறிஞ்சித் தேன்', உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' என்று நேரில் போய்ப் பழகி, பார்த்து, கேட்டு எழுதினார். அவருடைய 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

மனசுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு வேலையில் ஆழ்ந்துபோய், அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறீர்களா? அந்த நிலையைத்தான் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் என்ற மனோதத்துவ நிபுணர் பல வருஷம் ஆராய்ந்தார். வேலை ரொம்பச் சுலபமாக இருந்தால் சலிப்பு வரும். ரொம்பக் கஷ்டமாக இருந்தால் பயம் வரும். நம் திறமைக்குக் கொஞ்சம் மேலே, எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருந்தால் மனசு அதில் ஒன்றிவிடும், நேரம் போவதே தெரியாது என்றார் அவர். 'நாவல் எழுதணும்' என்பது மலைப்பு. 'இன்னிக்குப் பாட்டி சந்தைக்குப் போன காட்சியை எழுதணும்' என்பது எட்டிப் பிடிக்கிற உயரம். வித்தியாசம் புரிகிறதல்லவா?

எழுத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தம் உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், கல்லூரி மாணவர்கள் சிலரை நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், தங்களை வாட்டிய சம்பவங்களைப் பற்றி மனசு விட்டு எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்களுக்கு மனசு கனத்துத்தான் போனது. ஆனால் அதன் பிறகு வந்த மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதிய மற்ற மாணவர்களைவிட, அந்தச் சம்பவங்களோடு தங்கள் உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போனது குறைவு. பின்னால் நடந்த பல ஆராய்ச்சிகளில் பலன் சிறிய அளவில்தான் தெரிந்தது, எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆகவே எழுத்து சர்வரோக நிவாரணி அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்துவிடாதீர்கள்!

களி கிண்டுகிற பக்குவம்

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி விசேஷம். பாட்டி களி கிண்டும்போது, "தீயை அவசரப்பட்டுக் கூட்டாதே, அடி பிடிச்சுடும். நடுவுல விட்டுட்டுப் போகாதே, கட்டி தட்டிடும்" என்பார். நாவலுக்கும் அதே பக்குவம்தான். நான் ராத்திரி மூன்று மணி நேரம் எழுதியது தீயைக் கூட்டியது. நாலு வருஷம் மூடி வைத்தது நடுவில் விட்டுப் போனது. மிதமான தீ, விடாத கை... இவ்வளவுதான் ரகசியம்.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்தின் ஆந்தனி டிரோலப். 19-ம் நூற்றாண்டில் தபால் துறையில் அதிகாரியாக இருந்தவர். தினம் காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். காபி கொடுத்து எழுப்புவதற்கென்றே வேலையாளுக்கு வருஷத்துக்கு ஐந்து பவுன் தனியாகக் கொடுத்தார்! முதல் அரைமணி, முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை என்று எழுதுவார். எட்டரை மணிக்கு எழுந்து ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். இப்படியே 47 நாவல்கள் எழுதினார்.

உடம்பைக் கவனியுங்கள்

ஜப்பானிய எழுத்தாளர் ஹாருகி முரகாமி, நாவல் எழுதும் காலத்தில் காலை நாலு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவார். பிறகு பத்து கிலோ மீட்டர் ஓடுவார், அல்லது நீந்துவார். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார். நீண்ட நாவலுக்கு உடல் பலமும் வேண்டும் என்பது அவர் கட்சி. நாம் பத்து கிலோ மீட்டர் ஓட வேண்டாம். கீழே உள்ளவற்றைச் செய்தாலே போதும்.

* தூக்கத்தைத் திருடி எழுதாதீர்கள். ராத்திரி ஒரு மணி நேரத்தைவிட, தூங்கி எழுந்த காலை அரைமணி மேல்.

* கட்டிலில் குனிந்து உட்கார்ந்து எழுதினால் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். பாதம் தரையில் படியும்படி, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள்.

* அரைமணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். பேனாவை இறுக்கிப் பிடிக்காமல், அவ்வப்போது விரல்களை விரித்து மடக்குங்கள். கைவிரல் மரத்துப்போவது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

* கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ எழுதுகிறவர்கள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு.

* 'ஐடியா வரலை' என்று காபி மேல் காபி குடிக்காதீர்கள். சாயந்தரத்துக்கு மேல் குடித்த காபி ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். அதற்குப் பதில் ஒரு சின்ன நடை போய் வாருங்கள்.

சலிப்பு தட்டாமல் இருக்க...

* 'தினம் ஒரு பக்கம்' போதும். வருஷத்தில் அறுபத்தைந்து நாள் லீவு விட்டாலும் 300 பக்கம் சேர்ந்துவிடும்.

* எல்லாவற்றையும் எழுதித் தீர்க்காமல், அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். இது ஹெமிங்வேயின் வழக்கம். மறுநாள் உட்காரும்போது பயம் இருக்காது.

* முதல் தடவை எழுதும்போது அடித்துத் திருத்தாதீர்கள். அரிசியில் கல் பொறுக்குவதும் உலையில் போடுவதும் தனித்தனி வேலை அல்லவா?

* எழுதவே வராத நாளில் பெரியவர்களிடம் பேசுங்கள். அந்தக் காலத்துக் கூலி எவ்வளவு, பஞ்சத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் நாவல் வேலைதான். சொல்கிற பெரியவர்களுக்கும் சந்தோஷம்.

* வீட்டில் உள்ளவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னுமா முடியலை?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன எழுதினே?" என்று கேளுங்கள். அந்த அரைமணி மட்டும் அவரைக் கூப்பிடாமல் இருங்கள்.

ஓர் எச்சரிக்கை

சொந்த வாழ்க்கையின் துக்கங்களை எழுதும்போது பழைய காயம் திறந்துகொள்ளலாம். ஒருநாள், இரண்டு நாள் மனசு கனப்பது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் எழுத்தை நிறுத்தி வைத்து டாக்டரிடம் போங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்கிற மாதிரி எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

நான் நோட்டை மறுபடி எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் குக்கர் வைப்பதற்கு முன் அரைமணி, ஒரே ஒரு பக்கம். பாட்டி இல்லை. அதனால் அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேட்கிறேன். ஒருநாள் நான் எழுதியதைப் படித்துக் காட்டியபோது பெரியம்மா நடுவில் நிறுத்தி, "அன்னிக்கு எங்கம்மா கட்டிட்டுப் போனது புளிச்சோறு இல்லடி, கம்பு உருண்டை" என்று திருத்தினார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேருமாக ஒரு மணி நேரம் பாட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

நாவல் இன்னும் முடியவில்லை. எப்போது முடியும் என்றும் தெரியாது. ஆனால் அந்த நோட்டு இப்போது என்னைக் குத்துவதில்லை.

இன்றைக்கே பீரோவைத் திறந்து உங்கள் நோட்டை வெளியில் எடுத்து வையுங்கள். ஒரு பக்கம்... ஒரே ஒரு பக்கம்தான்!