ஒட்டுத்தாடியும் ஈஸ்ட்மென் கலரும்

ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ 1964 பிப்ரவரி 27 அன்று வெளியானது. சமகாலக் குடும்பக் கதையை ஈஸ்ட்மென் கலரில் சொன்ன முதல் தமிழ்ப் படம் இதுதான். அதே ஆண்டு பொங்கலுக்கு வந்த ‘கர்ண’னும் கலர் படமே. ஆனால் அதில் பளபளத்தவை கிரீடமும் கவசமும். இதில் கதாநாயகிகளான அக்கா தங்கையின் சல்வார் கமீஸ்.

‘கல்யாண பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று அழவைத்தே பெயர் வாங்கியிருந்தவர் ஸ்ரீதர். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட வந்த நண்பர் சித்ராலயா கோபுவோடு மெரினாவில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் முழுநீள நகைச்சுவைப் படம் எடுக்கும் யோசனை பிறந்தது. அந்த மெரினாவே படத்திலும் வருகிறது: மயிலாப்பூர்க்காரர்கள் மாலையில் காலாற நடக்கும் அந்தக் கடற்கரையில் முத்துராமனும் காஞ்சனாவும் ஆடிப்பாட, ஒளிப்பதிவாளர் வின்சென்ட்டின் கேமரா கூடவே போகிறது. மற்றபடி கதை நடப்பது மலையடிவார எஸ்டேட்டில், அதற்குப் படப்பிடிப்பு ஆழியாறில்.

விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனாவுக்கும், மலேயாவில் பிறந்த ரவிச்சந்திரனுக்கும் இது அறிமுகப் படம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாடல்கள். வேலை பறிபோன ரவிச்சந்திரன் முதலாளி பாலையா வீட்டெதிரே கூடாரம் அடித்துப் போராடும் பாட்டில் மேற்கத்தியத் தாளம் துள்ளும். வேலை கேட்கும் போராட்டத்துக்கு இத்தனை குதூகலமான கோஷம் தமிழ் சினிமாவில் வேறு கிடையாது.

உடை ஆளையே மாற்றிவிடும் கதைக்கு ஓர் உதாரணம் ஹாலிவுட்டின் ‘ஃபன்னி ஃபேஸ்’ (1957); அது நேரடியாகவே ஃபேஷன் உலகக் கதை. புத்தகக் கடையில் வேலை பார்க்கும் ஆட்ரி ஹெப்பர்ன், புகைப்படக்காரர் ஃபிரெட் அஸ்டேரின் கண்ணில் பட்டு, பாரிஸுக்குப் போய் மாடலாகிறார். அங்கே அவர் அணியும் உடைகள் ஆடை வடிவமைப்பாளர் ஜிவான்ஷி வடித்தவை. ஸ்ரீதர் படத்தில் ஆளை மாற்றுவது ஒட்டுத்தாடி. பாலையாவின் மகளைக் காதலிக்கும் ரவிச்சந்திரன் தன்னைப் பணக்கார வீட்டுப் பிள்ளை என்று அளந்துவிட, நண்பன் முத்துராமன் கோடீஸ்வர அப்பாவாக வேஷம் கட்டி வந்து இறங்குகிறார். பணத்தைக் கண்டால் குழையும் பாலையா அந்தத் தாடிக்கு மயங்கிவிடுகிறார். முத்துராமன் காதலிக்கும் பெண்ணும் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது அதற்கப்புறம் தெரியவருகிறது. மாப்பிள்ளையாக வரவேண்டியவர் சம்பந்தி வேஷத்தில் மாட்டிக்கொண்டு விழிப்பதில்தான் பின்பாதிக் கலாட்டா முழுவதும்.

இத்தனை வண்ணமும் உடையும் இருந்தும், படத்தின் உச்சம் இரண்டே பேர் உட்கார்ந்து பேசும் காட்சி. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ தொடங்கிய மகன் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிறார். கதவு கிறீச்சிடுவது, காலடிச் சத்தம், ஓலம் எல்லாமே நாகேஷின் வாயிலிருந்துதான். கேமராவுக்கு வேலை பாலையாவின் முகத்தில். முதலில் அலட்சியம், பிறகு சந்தேகம், கடைசியில் நாற்காலியில் ஒடுங்கிப்போகும் உடம்பு. சிரிப்பை வாங்கித் தருவது கதை சொல்பவரைவிடக் கேட்பவர்தான்.

படம் வெள்ளிவிழா கண்டது. தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’ (1965) ஆனது. இந்தியில் ஸ்ரீதரே ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தார். அதில் ஓம் பிரகாஷை உட்காரவைத்துப் பேய்க்கதை சொன்ன மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.