பாஸ்போர்ட் கொரியா, பிறப்பு கனடா!

16ஆம் நூற்றாண்டில் ஜப்பானியக் கப்பற்படையை ஓட ஓட விரட்டிய கொரியத் தளபதி யி சுன்-சின். சியோல் நகரின் நட்டநடுச் சாலையில் கவசத்தோடும் வாளோடும் சிலையாக நிற்பவர். 2018இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது, ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் ஒருவர் இந்தத் தளபதியைத் தன் ஹெல்மெட்டில் வரைந்து போட்டுக்கொண்டார். இதில் அரசியல் வாடை அடிக்கிறது, படத்தை மறைத்துவிடுங்கள் என்றது ஒலிம்பிக் கமிட்டி. அவரும் மறைத்துக்கொண்டுதான் ஆடினார்.

இப்படித் தேசபக்தி முற்றி மாட்டிக்கொண்ட அந்தக் கொரியர் யார் தெரியுமா? மேட் டால்டன். பிறந்த ஊர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக் கிளின்டன்!

அவர் தனி ஆளும் இல்லை. அந்த ஒலிம்பிக்கில் தென்கொரிய ஆண்கள் அணியின் 25 பேரில் 7 பேர் புதுக் குடிமக்கள். ஆறு பேர் கனடாக்காரர்கள், ஒருவர் அமெரிக்கர். விளையாட்டு உலகில் எனக்கு ரொம்பப் பிடித்த கூத்துகளில் இது ஒன்று. வாருங்கள், கதவைக் கொஞ்சம் தள்ளி உள்ளே எட்டிப் பார்ப்போம்.

முதலில், இவர்களை ஏன் தேடிப் பிடித்தார்கள்? போட்டியை நடத்தும் நாட்டுக்கு ஐஸ் ஹாக்கியில் தானாக இடம் கிடைக்கும் வழக்கம் 2006 டூரின் ஒலிம்பிக்கோடு நின்றுபோனது. கொரியாவோ உலகத் தரவரிசையில் இருபதுக்கும் கீழே கிடந்த அணி. தொழில்முறை அணிகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். கனடாவோடு மோதவிட்டால் கோல் மழையில் நனைந்துவிடுவார்களோ என்ற பயம் சர்வதேச ஐஸ் ஹாக்கிச் சம்மேளனத்துக்கே இருந்தது. கடைசியில் 2014 செப்டம்பரில்தான் கொரியாவுக்கு இடம் உறுதியானது. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு அனுமதி வாங்கிய நிலைமை! இனி மானம் போகாமல் ஆட வேண்டும். ஒரு நல்ல டிஃபென்ஸ் ஆட்டக்காரரை உள்ளூரிலேயே வளர்த்தெடுக்கப் பதினைந்து வருடமாவது பிடிக்கும். கையில் இருந்தவை மூன்றரை வருடங்கள்.

வழி ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. 2011இல் திருத்தப்பட்ட கொரியக் குடியுரிமைச் சட்டம், சிறப்புத் திறமை உள்ள வெளிநாட்டவர் பழைய குடியுரிமையைத் துறக்காமலே கொரியர் ஆகலாம் என்றது. 2013இல் ஐஸ் ஹாக்கியில் அந்த வழியாக முதலில் நுழைந்தவர் ப்ராக் ராடுன்ஸ்கே. கனடாக்காரர், ஆறடி ஐந்தங்குலம். சியோலுக்குப் பக்கத்தில் இருக்கும் அன்யாங் நகரின் ஹல்லா அணிக்கு ஆட வந்தவர். ஊருக்கே செல்லப்பிள்ளை ஆகிவிட்டார்.

சும்மா கையெழுத்துப் போட்டால் பாஸ்போர்ட் வந்துவிடாது. ஒலிம்பிக் சங்கத்தின் பரிந்துரை வேண்டும். பிறகு நீதித்துறை அமைச்சகத்தில் நேர்காணல். அங்கே கொரிய தேசிய கீதத்தைப் பாட வேண்டும்! பல்லை உடைக்கும் ஆட்டத்தில் வளர்ந்த ஆஜானுபாகுவான ஆசாமிகள், கோட்டுப் போட்ட அதிகாரிகள் முன்னால் நின்று கொரிய மொழியில் கீதம் பாடுகிற காட்சியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். அதோடு ஓர் உறுதிமொழியும் உண்டு. கொரிய மண்ணில் இருக்கும்வரை பழைய பாஸ்போர்ட்டைக் காட்டி எந்த உரிமையும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

உள்ளூர் ஆட்டக்காரர்கள் பொருமக்கூடிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. கொரிய ஆண்பிள்ளைகள் எல்லோரும் ராணுவச் சேவை செய்தாக வேண்டும். குடியுரிமை வாங்கி வந்தவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருபது வயதுகளின் நடுவில் ராணுவத்துக்குப் போனால் ஆட்டமே துருப்பிடித்துவிடுமே என்றுதான் 2012இல் ராணுவ விளையாட்டுப் பிரிவான சாங்மு ஓர் ஐஸ் ஹாக்கி அணியைத் தொடங்கியது. ஆக ஒரே டிரெஸ்ஸிங் ரூமில், முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ராணுவச் சீருடையில் இருந்து வந்தவர் ஒரு பக்கம். நேர்காணலில் பாட்டுப் பாடி வந்தவர் மறு பக்கம்.

சர்வதேசச் சம்மேளனமும் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. புதுக் குடிமகன் அந்த நாட்டு லீக்கில் தொடர்ந்து இரண்டு வருடமாவது ஆடியிருக்க வேண்டும். ஏற்கெனவே வேறொரு நாட்டுக்காக ஆடியவர் என்றால் நான்கு வருடம். அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் நாடு மாறலாம். எனவே 'நேற்று விமானம் ஏறினான், இன்று கொடி பிடிக்கிறான்' என்று முணுமுணுப்பவர்கள் பேச்சில் பாதிக்கு மேல் வதந்தி.

இப்போது அந்த ஏழு பேரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். கோல்கீப்பர் ஒருவர், டால்டன். டிஃபென்ஸில் மூன்று பேர்: பிரையன் யங், அலெக்ஸ் பிளான்ட், எரிக் ரீகன். முன்னணியில் மூன்று பேர்: ராடுன்ஸ்கே, மைக்கேல் ஸ்விஃப்ட், அமெரிக்கரான மைக் டெஸ்ட்வைட். திட்டம் புரிகிறதா? பின்பக்கத்துக்குத்தான் அதிகச் செலவு! பந்துக்குப் பதிலாக வரும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டுக்குப் பக் என்று பெயர். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். அதை மறித்து விழத் தெரிந்த உடம்பு சட்டென்று கிடைக்காது. முன்னே ஓடுவதற்குக் கொரியாவில் ஆள் இருந்தது. கிம் கி-சுங், கிம் சாங்-ஊக் அண்ணன் தம்பி; ஷின் சாங்-ஊ, ஷின் சாங்-ஹூன் இன்னொரு ஜோடி அண்ணன் தம்பி. எல்லோரும் மின்னல் வேகம். வந்தவர்களிலும் உறவு உண்டு: ஸ்விஃப்டும் யங்கும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பெரியப்பா சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளாகவே பார்த்து அணி சேர்த்தது மாதிரி இருக்கிறது!

இந்தக் கூட்டத்தை மேய்க்க 2014இல் வந்தவர் ஜிம் பேக். இவர் கதை தலைகீழ். சியோலில் பிறந்து, கைக்குழந்தையாகக் கனடா போய், வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் ஆடிய முதல் கொரியப் பிறவி. பிட்ஸ்பர்க் அணியோடு 1991, 1992 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர். கனடாவில் பிறந்த கொரியர்களும் கொரியாவில் பிறந்த கனடாக்காரரும் ஒரே பெஞ்சில்!

பலன்? 2017 ஏப்ரல், உக்ரைனின் கீவ் நகரம். இரண்டாம் நிலை உலகப் போட்டி. போலந்தை 4-2, கஜகஸ்தானை 5-2, ஹங்கேரியை 3-1 என்று சாய்த்துவிட்டு, ஆஸ்திரியாவிடம் 0-5 என்று உதை வாங்கினார்கள். கடைசி ஆட்டம் உக்ரைனோடு. சமநிலையில் முடிந்து பெனால்டி ஷாட்டுக்குப் போனது. கோல் போட்டு முடித்தவர் ஷின் சாங்-ஹூன், உள்ளூர்ப் பையன். கொரியா வரலாற்றில் முதல்முறையாக உலகின் முதல் பிரிவுக்குள் நுழைந்தது. வந்தவர்கள் கோட்டையைப் பூட்ட, இருந்தவர்கள் போய்க் கோல் போட்டார்கள். டால்டனுக்கு வைத்த கொரியப் பெயரே ஹன் ரா-சுங். அவர் ஆடிய ஹல்லா அணியின் பெயரோடு 'சுங்', அதாவது கோட்டையையும் சேர்த்துக் கட்டிய பெயர்.

பெண்கள் அணிப் பக்கம் போனால் கதை இன்னும் ருசி. ஆள் பிடிக்க அமெரிக்க, கனடியக் கல்லூரி அணிகளின் பெயர்ப் பட்டியலில் கொரியக் குடும்பப் பெயர்களைத் தேடினார்கள். ராண்டி க்ரிஃபின் ஹார்வர்டில் ஆடி முடித்து, ஸ்கேட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, டியூக் பல்கலைக்கழகத்தில் பரிணாம மானுடவியல் ஆராய்ச்சிக்குப் போய்விட்டவர். பெயரில் கொரிய வாடை இல்லைதான், ஆனால் அம்மா கொரியர். கொரியாவுக்கு ஆட வருகிறீர்களா என்று ஒரு மின்னஞ்சல் வந்தபோது ஏதோ மோசடி என்றே நினைத்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். லாட்டரியில் கோடி ரூபாய் விழுந்திருக்கிறது என்று வருகிற ரகம்தானே இதுவும்!

2018 பிப்ரவரி 14. வட, தென் கொரியாக்கள் சேர்ந்து இறக்கிய கூட்டு அணி ஜப்பானோடு மோதுகிறது. க்ரிஃபின் ஒரு ஷாட் அடிக்கிறார். இடி மின்னல் எல்லாம் இல்லை. அது பாட்டுக்குத் தத்தித் தத்திப் போய் ஜப்பானியக் கோல்கீப்பரின் கால் இடுக்கில் நுழைகிறது. அந்த அணியின் முதல் ஒலிம்பிக் கோல்! ஆட்டத்தில் 4-1 என்று தோல்வி. ஆனால் அந்தப் பக்கை உடனே எடுத்துப் பத்திரப்படுத்தி, டொரன்டோவில் இருக்கும் ஹாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதே அணியில் மரிஸா பிரான்ட். கொரியாவில் பிறந்து, அமெரிக்காவின் மினசோட்டாவில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர். தங்கை ஹானா அதே ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கம் வென்றார். அப்பா அம்மா எந்தக் கொடியை எடுத்துக்கொண்டு ஸ்டேடியத்துக்குக் கிளம்புவார்கள், சொல்லுங்கள்!

இந்தப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்த கனடாக்காரர் சாரா மர்ரிக்கு வேறொரு தலைவலி. இளையவர்கள் ஐஸில் நல்ல வாய்ப்பை விட்டுவிட்டு, மூத்த அக்காவுக்குத்தான் பக்கைத் தள்ளுவார்கள். சாப்பாட்டு மேஜையிலும் மூத்தவர்கள் தனி, இளையவர்கள் தனி. ஸ்கேட்டிங்கைச் சொல்லிக்கொடுத்துவிடலாம், இந்த மரியாதையை எப்படிக் கழற்றுவது? ஆளை மாற்றி மாற்றி உட்கார வைத்துத்தான் உடைத்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பெரிய சரக்கு இதுதான் என்பது என் கட்சி. அக்காவையும் அண்ணனையும் பார்த்து, 'பாஸை இங்கே கொடு' என்று கத்துகிற தைரியம்.

ஆண்கள் ஒலிம்பிக் முடிவு தெரிந்த கதைதான்: நாலு ஆட்டம், நாலு தோல்வி. ஆனால் முதல் ஆட்டத்தில் செக் அணியோடு ஒரு நிமிடம் வந்தது பாருங்கள்! முதல் பகுதியிலேயே ராடுன்ஸ்கே பாஸ் கொடுக்க, சோ மின்-ஹோ கோல் போட்டார். 1-0, கொரியா முன்னிலை! ஒலிம்பிக் வரலாற்றில் கொரிய ஆண்களின் முதல் கோல். பிறகு செக் 2-1 என்று ஜெயித்தது வேறு விஷயம்.

மூன்றாவது ஆட்டம் கனடாவோடு. கனடாவில் பிறந்த ஆறு பேர் வெள்ளை, சிவப்பு, நீலத்தில் நின்று கனடாவை எதிர்க்கிறார்கள். என்.எச்.எல். தன் வீரர்களை அந்த முறை விடவில்லை. எனவே எதிரில் நின்ற கனடா அணியில் பெரும்பாலோர் ஐரோப்பிய, ரஷ்ய லீக்குகளில் பிழைத்தவர்கள். டால்டனும் அன்யாங் வருவதற்கு முன் ரஷ்ய லீக்கில் ஆடியவர்தான். கொஞ்சம் வழி மாறியிருந்தால் இந்தப் பக்கம் நின்றவர் அந்தப் பக்கம் நின்றிருப்பார். 4-0 என்று கனடா ஜெயித்தது. கோல் மழைப் பயம் எங்கே, நாலு எங்கே! இரண்டு மாதம் முன்பு மாஸ்கோவில் இதே கனடாவுக்கு எதிராக டால்டன் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷாட்களைத் தடுத்து, கிம் சாங்-ஊக் இரண்டு கோல் போட்டு, 4-2 என்று வியர்க்க வைத்திருந்தார்கள்.

சீனாவின் 2022 பெய்ஜிங் கதை இதைவிட அவசரம், எனக்கு அவ்வளவு பிடித்தமும் இல்லை. குன்லுன் ரெட் ஸ்டார் என்று ஒரு கிளப்பை 2016இல் ரஷ்ய லீக்கில் இறக்கி, அதையே கிட்டத்தட்ட தேசிய அணியாக்கிவிட்டார்கள். அமெரிக்காவுக்காக நாலு ஒலிம்பிக் ஆடிய கிறிஸ் செலியோஸின் மகன் ஜேக், சீன ஜெர்சியில் ஜியேகே காய்லியாவ்சி! அமெரிக்காவோடு 8-0 தோல்வி. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத சீனாவில் இவர்களுடைய பழைய பாஸ்போர்ட்டுகள் என்னவாயின என்று நிருபர்கள் துளைத்தெடுத்தார்கள்.

இந்தியச் சட்டத்திலும் இரட்டைக் குடியுரிமைக்கு இடமில்லை. நம் அணி பெரும்பாலும் லடாக்கின் உறைந்த குளங்களில் ஸ்கேட்டிங் பழகிய பிள்ளைகள். 2025இல் பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கியதும் அப்படிப்பட்ட அணிதான்.

இப்படி வெளியிலிருந்து ஆள் சேர்ப்பதெல்லாம் ஆட்டம் வளராத நாடுகளின் வேலை என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். 1936 ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கித் தங்கம் வென்றது பிரிட்டன். அந்த அணியின் கோல்கீப்பர் ஜிம்மி ஃபாஸ்டர் ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவின் வின்னிபெக்கில் வளர்ந்தவர்; கூட ஆடியவர்களிலும் பெரும்பாலோர் ஆட்டம் கற்றது கனடாவில்தான். கனடா முறையிட்டும் பார்த்தது. ஐஸில் 2-1 என்று தோற்றும் போனது.

அடுத்த முறை ஏதோ ஒரு சின்ன ஐஸ் ஹாக்கி நாட்டின் ஆட்டம் கண்ணில் பட்டால், ஸ்கோரை அப்புறம் பாருங்கள். முதலில் கோல்கீப்பர் பிறந்த ஊர், அடுத்து டிஃபென்ஸ் ஜோடி. ஒன்டாரியோ, மனிடோபா, மினசோட்டா என்று ஏதாவது சிக்கினால் அப்படியே ஹெல்மெட்டில் என்ன வரைந்திருக்கிறார் என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.