வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கையில் 50 இலட்சம் ரூபா இருக்கிறது. கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டின் விலை ஒன்றரைக் கோடி. மீதி ஒரு கோடியை வங்கி தரும், வரும் வாடகையைத் தவணையாகக் கட்டினால் போதும் என்று தரகர் சொல்வார். எம்மவர் பலர் கேட்கும் கேள்வி இதுதான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டை ஈடு வைத்து, நூற்றுக்கு 12 வீத வட்டியில், 15 வருடங்களுக்கு ஒரு கோடி ரூபா கடன் பெற்றால் மாதத் தவணை சுமார் 120,000 ரூபா. முதல் மாதத் தவணையில் 100,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலில் கழிவது 20,000 ரூபா மாத்திரமே. வீட்டுக்கு 75,000 ரூபா வாடகை வருவதாக வைத்துக்கொள்வோம். மாதாமாதம் 45,000 ரூபாவை வியாபாரத்திலிருந்து எடுத்துப் போட வேண்டும். ஆதன வரி, திருத்த வேலை, வீடு பூட்டிக்கிடக்கும் மாதங்கள் எல்லாம் இதற்கு மேலதிகம்.

அப்படியிருந்தும் முதலீட்டாளர்கள் ஏன் இப்படி வாங்குகிறார்கள்? வீட்டின் விலை 10 வீதம் ஏறினால் பெறுமதி 15 இலட்சத்தால் கூடும். போட்ட 50 இலட்சத்துக்கு அது 30 வீதம். ஆனால் விலை 10 வீதம் இறங்கினால் நட்டமும் அதே 30 வீதம்தான்.

பெரிய ஆபத்து மாறும் வட்டி வீதத்தில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது துணைநில் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே தடவையில் 7.5இலிருந்து 14.5 வீதமாக உயர்த்தியது. அத்தகைய காலத்தில் மேற்சொன்ன கடனின் வட்டி 20 வீதமானால் தவணை சுமார் 175,000 ரூபாவாகும். வாடகையோ ஒப்பந்தம் முடியும் வரை 75,000தான். தவணை தவறினால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் செல்லாமலே ஈட்டை ஏலத்தில் விற்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு.

வட்டியைத் தவிர்க்க விரும்புவோருக்கு வேறு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளித்தது. அதில் வீடு வாங்கப் பயன்படுவது குறைந்து செல்லும் முஷாரகா. எமது உதாரணத்தில் வீட்டின் மூன்றில் ஒரு பங்கு எமக்கு, இரண்டு பங்கு வங்கிக்கு. வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்துக்கொண்டே அப்பங்கைச் சிறிது சிறிதாக வாங்கி, இறுதியில் முழு உரிமையாளராகிறோம். இது கடனல்ல, கூட்டு உரிமை. சொத்துக்கு அழிவு நேர்ந்தால் பங்கின்படி நட்டத்தை ஏற்பதே இதன் அடிப்படை.

எனினும் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. வங்கி தனது பங்குக்குக் கேட்கும் வாடகை, வீட்டில் குடியிருப்பவர் எமக்குத் தரும் தொகையைப் பார்த்து அன்றி, பெரும்பாலும் சந்தை வீதத்தைப் பார்த்தே நிர்ணயிக்கப்படும். எனவே மாதப் பற்றாக்குறை இங்கும் வரலாம். முறை ஹலால் என்பதற்காகக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆகவே, கையெழுத்திட முன்னர் மூன்று விடயங்களை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீதம் அல்லது வாடகை எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை மாறும்? அதற்கு உச்ச எல்லை உண்டா? காலத்துக்கு முன் முடித்தால் மேலதிகக் கட்டணம் எவ்வளவு? பின்னர், வீடு ஆறு மாதம் பூட்டிக்கிடந்தாலும் தவணை கட்ட வியாபாரத்தில் பணம் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாது என்றால் சிறிய வீடொன்றைத் தேடுங்கள், அல்லது கைப்பணம் இன்னும் சேரும் வரை பொறுத்திருங்கள்.