கருப்பு யாரு? கண்டுபிடிப்பது எப்படி?



சீரியல் பார்க்காத வீடு நம்ம ஊரில் உண்டா? 2017-ல் சன் டிவியில் ‘நந்தினி’ வந்தபோது, யார் பாம்பு, யாருக்குள்ள என்ன சக்தி ஒளிஞ்சிருக்கு என்று தெருவே பேசும். நான் அப்போ ரொம்பச் சின்னப் பிள்ளை. இப்படி யூகிப்பதில் எங்க அம்மாதான் கில்லாடி. அந்த வித்தையை அம்மா கத்துக்கிட்டது ஒரு பழைய தொடரில்.

1997-ல் சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் ‘விடாது கருப்பு’ வந்தது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. ஒரு கிராமத்தில் தப்பு செய்றவங்களை யாரோ குதிரையில் வந்து தண்டிக்கிறார்கள். அது காவல் தெய்வம் கருப்பசாமிதான் என்று ஊரே நம்புது.

வாரத்துக்கு ஒரு நாள்தான் வரும். மீதி ஆறு நாளும் காசிமேட்டில் ஆயா வீட்டுத் தெருவில் இதே பேச்சு. தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போட்டுட்டு சண்டையே நடக்குமாம்.

“மனுஷன் செய்ற வேலையா இது? சாமிதான்” என்பது ஆயா கட்சி. “பெரிய மனுஷன் எவனோ வேஷம் போடுறான்” என்பது பக்கத்து வீட்டு மாமா கட்சி. அம்மா அப்போ சின்னப் பொண்ணு. “கருப்பு வரும்போதெல்லாம் யாரு அங்க இல்லன்னு பாருங்க” என்று சொன்னாங்களாம். யாரும் கேட்கல.

கடைசியில் சேத்தன் நடித்த ராஜேந்திரன்தான் கருப்பு என்று தெரிந்தது. சின்ன வயசில் மனசில் பட்ட காயத்தால் ஒரே ஆளுக்குள் ரெண்டு ஆள் போல மனம் பிரிந்துவிட்டது. தான் கருப்பாக மாறுவது அவனுக்கே தெரியாது! 2005-ல் வந்த ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ படங்களிலும் இதே மாதிரிதான். சக்தி, பேய் என்று நினைத்தது மன நோயாக இருக்கும். (ஆனால் சினிமாவில் மிகைப்படுத்துவார்கள். நிஜத்தில் மன நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் துன்புறுத்த மாட்டார்கள்.)

சரியாக யூகிக்க அம்மா சொல்லும் மூணு வழி:

1. எல்லா துப்புக்கும் பொருந்தணும். பொருந்தாததை மறைக்கக் கூடாது.

2. எப்போ நடந்தது, யார் இருந்தாங்க, யார் இல்ல என்று எழுதி வைக்கணும்.

3. நம்ம யூகம் தப்புன்னா அது எப்படித் தெரியும் என்று முன்னாடியே சொல்லணும். “சாமி நினைச்சா எதுவும் நடக்கும்” என்று சொன்னால் அது எப்பவுமே தப்பாகாது. ஆனா எதையும் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? போன வருஷம் என் தங்கச்சி திடீரென்று கீழே விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை வந்தது. “சாமி வந்திருக்கு” என்றார்கள் சிலர். “காத்து கருப்பு” என்றார்கள் சிலர். கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஆயாவும் வேப்பிலை கொண்டு வந்தது.

அம்மா மட்டும் காலண்டர் தாளின் பின்னாடி எழுத ஆரம்பிச்சாங்க. நாலு தடவை வந்தது. மூணு தடவை ராத்திரி சரியாகத் தூங்காத மறுநாள். ஒரு தடவை ஜுரம். சாமி வந்தால் வாக்கு சொல்லும். இவள் ஒண்ணும் சொல்லல, எழுந்தால் ஒண்ணும் ஞாபகமும் இல்ல. அப்போ சாமின்னு சொல்றது பொருந்தலையே!

அந்தத் தாளை எடுத்துக்கிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அதைப் படிச்சுட்டு, “இதுவே பாதி வைத்தியம்மா” என்றார். தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுத்தார்கள். அது வலிப்பு நோய். நம்ம மூளை சின்னச் சின்ன மின்சாரத்தில் வேலை செய்கிறது. நிறைய செல்கள் ஒரே சமயத்தில் தாறுமாறாக மின்சாரம் விட்டால் வலிப்பு வரும். இது தொத்து நோய் இல்லை. இப்போ தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். ஆறு மாசமாக வரவே இல்லை.

யாருக்காவது வலிப்பு வந்தால்:

* ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துணி வையுங்கள்.
* வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரும் கொடுக்காதீர்கள்.
* அழுத்திப் பிடிக்காதீர்கள். இரும்பு, சாவி எதுவும் வேண்டாம்.
* மணி பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினால் 108-க்கு போன் செய்யுங்கள்.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆயா இன்னைக்கும் கருப்புக்கு விளக்கு வைக்குது. மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துவதும் ஆயாதான்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்கச்சி இப்போ நம்ம பள்ளிக்குத்தான் வருகிறாள். சிலர் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள், “சாமி” என்று கூப்பிடுகிறார்கள். “எழுதுக்கா, எல்லாரும் படிக்கட்டும்” என்று அவள்தான் சொன்னாள். சீரியலில் யாருக்கு என்ன சக்தி என்று ஆசை தீர யூகிப்போம். ஆனா பக்கத்தில் இருக்கும் பொண்ணைப் பற்றி யூகிக்காமல் அவளிடமே கேட்போம். பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி