இருமினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கம் வேண்டாம், மூச்சோடு சேர்ந்த பயிற்சி இருக்கிறது!

வில்லியனூர் தேருக்குப் போக ஆசைதான். ஆனால் கூட்டத்தில் நெடுநேரம் நிற்க பயம். டவுன் பஸ்சில் ஏறினால், இறங்குகிற இடம் எப்போது வரும் என்று ஒரே கவலை. தும்மினால், இருமினால், வாய்விட்டுச் சிரித்தால்கூட புடவை நனைந்து விடுகிறது.

இப்படித் தவிக்கும் பெண்கள் வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டிலும் உண்டு. உலகம் முழுவதும் உண்டு. ஆனால் வெளியே சொல்பவர்கள் சிலர்தான்!

"ரெண்டு மூணு பெத்தாச்சு, இனிமே இப்படித்தான் இருக்கும்" என்பார்கள். "அடி இறங்கிப் போச்சு" என்று தாழ்ந்த குரலில் தோழியிடம் சொல்வார்கள். "இதையெல்லாம் டாக்டர்கிட்ட எப்படி சொல்றது?" என்று தயங்குவார்கள். கணவருக்குக்கூட தெரியாமல் துணி வைத்துச் சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இது விதி அல்ல. பெரும்பாலும் தசைத் தளர்ச்சி. தளர்ந்த தசையைப் பழக்கினால் அது மறுபடி வலுப்பெறும். அதற்கு மெதுவான அசைவும், நிதானமான மூச்சும் துணை செய்யும். செலவு? ஒரு காசு இல்லை!

தூளி போல ஒரு தசை

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னால் உள்ள எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல தசைகள் இருக்கின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இந்தத் தூளிதான். இதற்கு இடுப்புத்தளத் தசை என்று பெயர்.

பிரசவத்தின்போது இந்தத் தசை நன்றாக இழுபடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு மேலும் தளர்கிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் பருமன், அளவுக்கு மீறிய சுமை ஆகியவையும் காரணங்கள். குடம், புல்லுக்கட்டு, நெல் மூட்டை என்று நாள் முழுவதும் தூக்கும் பெண்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

தூளி தொய்ந்தால் சிறுநீர் கசிகிறது. இன்னும் தொய்ந்தால் கர்ப்பப்பையே கீழே இறங்குகிறது.

ஆண்களுக்கும் இந்தத் தசை உண்டு! புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் கசியும் ஆண்களுக்கும் டாக்டர்கள் இதே தசைக்குத்தான் பயிற்சி சொல்கிறார்கள்.

மூச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை இருக்கிறது. மூச்சை உள்ளே இழுத்தால் இந்தத் திரை கீழே இறங்குகிறது. அதோடு இடுப்புத்தளமும் லேசாக இறங்கி விரிகிறது. மூச்சை வெளியே விட்டால் இரண்டும் மேலே எழும்புகின்றன. மேலே ஒரு கூரை, கீழே ஒரு தளம். இரண்டும் சேர்ந்தே ஆடுகின்றன.

மூச்சைப் பிடித்துக்கொண்டு 'தம்' கட்டி மூட்டை தூக்கினால் என்ன ஆகும்? வயிற்றின் அழுத்தம் முழுவதும் கீழ்த்தளத்தில் போய் இடிக்கிறது. அதனால்தான், தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும் என்று சொல்லப்படுகிறது.

சீனாவின் 'சிகுங்'

மூச்சையும் அசைவையும் ஒன்றாகச் சேர்ப்பதில் சீனர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களது பயிற்சிக்கு 'சிகுங்' என்று பெயர். 'சி' என்றால் பிராணன், 'குங்' என்றால் பழகிப் பெறும் திறமை. பயிற்சி பழையது. ஆனால் இந்தப் பெயரில் ஆஸ்பத்திரி முறையாக அது பரவியது 1950-களில்தான். லியூ குய்சென் என்பவர் அதில் முக்கியமானவர்.

சிகுங்கில் புகழ் பெற்றது 'பா துவான் ஜின்'. மொத்தம் எட்டே அசைவுகள். குதிப்பது இல்லை, உடலை முறுக்கிப் பிழிவதும் இல்லை. கிழவர்களும் பூங்காவில் நின்றபடி செய்கிறார்கள். தொப்புளுக்குச் சற்றுக் கீழே உள்ள அடிவயிற்றில் கவனத்தை நிறுத்தி மூச்சு விடுவது சிகுங்கில் அடிப்படைப் பாடம். ஆசனவாயை மெல்ல மேலே இழுத்து விடும் பயிற்சியும் சீனர்களிடம் உண்டு. 'தி காங்' என்று அதற்குப் பெயர்.

"இதெல்லாம் நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் கொண்டு போனதாச்சே!" என்று சிலர் பெருமைப்படுவார்கள். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. ஆனால் அது மரபுக் கதை. போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைப் பயிற்சி நூல் 17-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதே ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

நம் ஊரிலும் உண்டு

கதை எப்படியோ போகட்டும். சீனர்களின் 'தி காங்' போலவே நம் யோகத்தில் அசுவினி முத்திரை இருக்கிறது. குதிரை தன் ஆசனவாயைச் சுருக்கி விரிப்பதைப் பார்த்து வைத்த பெயர். அடித்தளத்தை மேலே இழுத்து நிறுத்தும் மூலபந்தமும் இருக்கிறது. ஹட யோகப் பிரதீபிகை என்ற நூல் அதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறது.

1948-ல் அமெரிக்க மகளிர் நோய் டாக்டர் ஆர்னால்டு கெகல் இதே தசைக்கான பயிற்சியை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்று உலகம் முழுவதும் 'கெகல் பயிற்சி' என்றே பெயர். ஊர் மூன்று, பெயர் மூன்று, தசை ஒன்றுதான்!

புதுச்சேரிக்கு இந்த விஷயம் புதிது அல்ல. சுவாமி கீதானந்த கிரி 1968-ல் புதுச்சேரியில் ஆனந்த ஆசிரமத்தை நிறுவினார். 1993-ல் அவர் மறையும் வரை யோகம் கற்பித்தார். மூச்சை அடிப்பகுதி, நடுப்பகுதி, மேல்பகுதி என்று பிரித்துப் பழகும் விபாக பிராணாயாமம் அவர் வலியுறுத்திய பாடம். அதில் அடிப்பகுதி மூச்சுதான் முதல் படி. சிகுங்கின் அடிவயிற்று மூச்சோடு பெரிதும் ஒத்துப்போவதும் அதுதான். பிற்பாடு ஜிப்மரிலும், பாகூர் பக்கம் பிள்ளையார்குப்பம் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியிலும் யோகா சிகிச்சைக்கென்றே மையங்கள் அமைக்கப்பட்டன.

செய்வது எப்படி?

பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நிற்க வேண்டும். முழங்காலை விறைக்காமல் லேசாகத் தளர்த்த வேண்டும். ஒரு சின்னப் பூசணிக்காயை ஏந்துவது போல இரண்டு கைகளையும் அடிவயிற்றுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்தபடி கைகளை நெஞ்சு வரை உயர்த்த வேண்டும். அப்போது வயிறும் அடிப்பகுதியும் தளர்ந்து இருக்கட்டும்.

மூச்சை விட்டபடி கைகளைக் கீழே இறக்க வேண்டும். அப்போது, சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அடித்தளத்தை மெல்ல மேலே இழுக்க வேண்டும். தொடையோ, பிட்டமோ, வயிறோ இறுகக் கூடாது. மூச்சை அடக்கவும் கூடாது. அவ்வளவுதான்! பிறகு முழுவதும் தளர விட வேண்டும். இறுக்குவது எவ்வளவு முக்கியமோ, தளர்த்துவதும் அவ்வளவு முக்கியம்.

இப்படி ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை. பழகப் பழக, சாதாரணமாக மூச்சு விட்டபடியே ஒவ்வொரு இழுப்பையும் சில வினாடிகள் நிறுத்தலாம். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தோ, முழங்காலை மடக்கிப் படுத்தோ செய்யலாம். கடையில் கல்லாவில் இருப்பவரும், ஆபீசில் பைல் பார்ப்பவரும் இருந்த இடத்திலேயே அடித்தளத்தை இழுத்து விடலாம். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது!

இன்னொரு சூட்சுமம்: தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், குடத்தைத் தூக்கும் முன்பும் அடித்தளத்தை ஒரு முறை இழுத்துக்கொள்ள வேண்டும். இப்படிச் செய்தால் கசிவு குறைகிறது என்று 1998-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. கசிகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தவறு. அது மலச்சிக்கலைக் கூட்டி, முக்க வைத்து, தசையை இன்னும் கெடுக்கும்.

பலன் உண்டா?

2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 31 பரிசோதனைகளை அலசியது. இருமல், தும்மலில் சிறுநீர் கசியும் பெண்களில், இடுப்புத்தளப் பயிற்சி செய்தவர்களில் 100-க்கு 56 பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 பேர்தான்!

யோகாவை மட்டும் வைத்து 2024-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 45 வயதுக்கு மேற்பட்ட 240 பெண்கள் கலந்துகொண்டார்கள். 12 வாரத்தில் யோகா செய்தவர்களுக்கும், சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் கசிவு ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது.

சிகுங் அசைவை மட்டும் செய்தால் கசிவு நின்றுவிடும் என்று அடித்துச் சொல்ல இன்னும் போதிய ஆதாரம் இல்லை. நிரூபிக்கப்பட்ட மருந்து, அந்தத் தசையை இழுத்து விடுவதுதான். மூச்சும் அசைவும் அதைத் தினமும் மறக்காமல் செய்ய வைக்கும் துணை.

ஒரே வாரத்தில் பலனை எதிர்பார்க்கக் கூடாது. குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல் இருந்தால் பயிற்சியில் நாளைக் கடத்தக் கூடாது. அடியில் கட்டி போல ஏதாவது வெளியே தட்டுப்பட்டாலும், சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலும், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இடுப்புக்குள் வலி, தாம்பத்தியத்தில் வலி உள்ளவர்களுக்கு அந்தத் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அவர்கள் மேலும் இறுக்கினால் வலி கூடும். தளர்த்தும் மூச்சுதான் அவர்களுக்கு ஏற்றது. கர்ப்பிணிகளும், அண்மையில் பிரசவித்தவர்களும், ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஒதியம்பட்டு பக்கத்துக்காரர்கள் இதற்காக வெளியூருக்கு அலைய வேண்டியது இல்லை. எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ்காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது; கோரிமேடு ஜிப்மர் இருக்கிறது. கர்ப்பப்பை இறங்கியிருந்தாலும் எல்லோருக்கும் உடனே கத்தி வைப்பது இல்லை. உள்ளே வைத்துத் தாங்கும் வளையமும் உண்டு.

டாக்டரிடம் நீட்டி முழக்க வேண்டாம். "இருமினா சிறுநீர் கசியுது" என்று மூன்றே வார்த்தை போதும். மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.